மச்சானின் ரைபிளில் பிழையில்லை, வெடிமருந்தைக் கூட்டவும் வேண்டாம்

வெலிமடைப் பக்கமிருந்து மரக்கறித் தோட்டம் செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய மச்சான் ஆஸ்திரேலியாவில் லைசன்ஸ் எடுத்து .308 ரைபிள் வைத்திருக்கிறாராம், ரவையையும் (தோட்டாவையும்) வீட்டில் வெடிமருந்து போட்டுத் தானே நிரப்பிக்கொள்கிறாராம். கடை ரவைப் பெட்டியில் 150 கிரெயின் எடையுள்ள குண்டுக்குச் செக்கனுக்கு 2,820 அடி என்று அச்சடித்திருக்கிறது, மச்சான் வேகமானி வைத்து அளந்தால் 2,690தான் வருகிறது, அதே மொடல் வைத்திருக்கும் கூட்டாளிக்கு 2,750. "ரைபிள் பழுதா ஐயா, இல்லாவிட்டால் கொஞ்சம் மருந்து கூட்டிப் போடலாமா? எங்கள் டவுனில் 12 போர் சன்னத் துவக்கின் வெற்றுக் கூடுகளை நிரப்பித் தருகிற ஒருவரும், மருந்து கூட்டினால் பன்றி நின்ற இடத்திலேயே விழும் என்கிறார்" என்று முடித்திருக்கிறார்.

ரைபிள் பழுதில்லை. மருந்தையும் கூட்டக்கூடாது.

பெட்டியில் இருக்கிற 2,820 என்பது 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. அந்தக் குழலில் ரவை உட்காருகிற அறையை மிகவும் இறுக்கமாக, ஆகக்குறைந்த அளவில் வெட்டியிருப்பார்கள். மச்சானுடையது 20 அங்குலம் என்று கடிதத்தில் வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வகை ரைபிளில் குழல் ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 20 முதல் 30 அடி வேகம் போகும். நாலு அங்குலத்துக்கு 80 முதல் 120 அடி. கணக்கு கிட்டத்தட்ட அதிலேயே முடிந்துவிட்டது, மிச்சம் பத்து அடி ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவிலேயே வரும்.

அப்புறம் கூட்டாளியின் 2,750. ஒரே மொடல், ஒரே நீளம், ஒரே ரவை என்றாலும் இரண்டு துவக்கு ஒரே மாதிரி சுடாது. குழலைக் குடைகிற கருவி தேயத் தேய, முதலில் வெட்டிய குழலுக்கும் கடைசியில் வெட்டிய குழலுக்கும் மயிரிழை வித்தியாசம் வரும். அறை கொஞ்சம் தளர்வாக இருந்தால் வாயு பரவ இடம் கிடைத்து அமுக்கம் குறையும், உள்ளே புரிகள் சொரசொரப்பாக இருந்தால் இன்னொரு மாதிரி. ஒரே மலையின் தேயிலைக் கொழுந்தை ஒரே நாளில் இரண்டு ரோலரில் போட்டு எடுத்தவர்களுக்கு இது புதிதில்லை. 50, 60 அடி வித்தியாசம் சாதாரணம்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீளக் குழல்தான் வேகம் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களிடம் நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். .22 ரைபிளுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அதற்குள் இருப்பது கொஞ்சமே கொஞ்சம் மருந்து. குண்டு சுமார் 16 அங்குலம் ஓடுவதற்குள் அது தன் வேலையை முடித்துவிடும், அதற்குப் பிறகு குழல் தள்ளுவதில்லை, உரசிப் பிடிக்கத்தான் செய்கிறது. 26 அங்குலக் குழலில் வேகம் கூடாமல் நிற்கலாம், கொஞ்சம் குறையவும் செய்யலாம். அதைப் பார்த்துவிட்டு ரவை மட்டமானது என்று பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரவையில் ஒரு குறையும் இல்லை.

இனி மருந்து. அமுக்கம் வேகத்தோடு சேர்ந்து ஒரே சீராக ஏறுவதில்லை. உச்ச அளவுக்குப் பக்கத்தில் போனபின் ஒரு சிட்டிகை கூட்டினால் வேகம் கொஞ்சம்தான் கூடும், அமுக்கம் பாய்ந்து ஏறும். வேகத்தை அளக்க மச்சானிடம் கருவி இருக்கிறது, அமுக்கத்தை அளக்க ஒன்றும் இல்லை. அங்குள்ள ரவை நிரப்பும் கையேட்டில் போட்டிருக்கிற உச்ச அளவு உச்சம்தான், அதைத் தாண்டி 2,820ஐத் துரத்த வேண்டாம். அந்த 130 அடி இல்லாததால் என்ன நட்டம்? அதே ரவையால் 100 மீற்றருக்குக் குறி சரிபார்த்துக்கொண்டால், 150 மீற்றரில் 2,820 அடியில் போகிற குண்டைவிட ஒரு விரல் அகலம்கூடக் கூடுதலாகக் கீழே போகாது.

டவுன்காரர் விஷயம்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 12 போர் துவக்கு ஒன்றைத் திருத்த என்னிடம் கொண்டுவந்தார்கள், கூடவே இப்படி நிரப்பிய ரவைகளும் ஒரு சொப்பிங் பையில். ஒரே பையிலிருந்து இரண்டை எடுத்துப் பிரித்து வெள்ளைக் கடதாசியில் கொட்டினேன். ஒன்றில் கரித்தூள் மாதிரிக் கறுப்பு மருந்து. மற்றதில் சாம்பல் நிறத்தில் தட்டைத் தட்டையாகப் புகையில்லா மருந்து, அதுவும் அதே அளவு. இரண்டையும் ஒரே தைலப் போத்தல் மூடியால் அளந்திருக்கிறார்! கறுப்பு மருந்தின் அளவுக்குப் புகையில்லா மருந்தைப் போட்டால் துவக்கு வெடித்துச் சுடுகிறவரின் கைதான் போகும். அந்தத் துவக்கின் பூட்டு ஏற்கெனவே இளகியிருந்தது. சட்டமும் அவர் பக்கம் இல்லை. 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டப்படி அனுமதியில்லாமல் வெடிமருந்து வைத்திருப்பதே குற்றம், உங்கள் வீட்டில் அகப்பட்டால் வழக்கு உங்களுக்கும்தான்.

மக்கள் ஏன் அவரிடம் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். போஞ்சிப் பாத்தியைப் பன்றி ஒரே இரவில் உழுதுவிட்டுப் போய்விடுகிறது, கிராம சேவகர், பொலிஸ், கச்சேரி என்று ஒரு கடிதம் மேசை மாறுவதற்குள் அடுத்த போகமே வந்துவிடுகிறது. வருடா வருடம் டிசம்பர் 31க்குள் லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டிய ஒரு கமக்காரனை இப்படி அலைய விடுவது அநியாயம். அந்த அலைச்சலைக் காட்டித்தான் கச்சேரி வாசலில் புரோக்கர் நிற்கிறான். அவனிடம் காசையும் கொடுக்காதீர்கள், மூல லைசன்ஸைக் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். திகதி தாண்டினால் பதில் சொல்ல வேண்டியது துவக்குக்காரர்தான், அவனைத் தேடினாலும் கிடைக்கமாட்டான்.

மச்சானிடம் பத்து வெடி சுட்டுச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள், அதுதான் அவருடைய ரைபிளின் வேகம். நீங்கள் டவுன்காரரின் ரவையை ஏற்கெனவே சுட்டிருந்தால், துவக்கில் ஒன்றும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, திறந்த குழலை மூடிப் பூட்டி, மெல்ல ஆட்டிப் பாருங்கள். மூட்டில் சின்னதாய்க் கடகடப்புக் கேட்டாலும் அடுத்த ரவையைப் போடாமல் அனுமதி பெற்ற திருத்துநரிடம் நேரே கொண்டுபோங்கள்.