இணைப்பு மறைந்தும் கட்டம் தெரிவது ஏன்?

கேள்வி: காரை பூசிய பழைய சுவர் ஒன்றைப் படமெடுத்து, முப்பரிமாண மாதிரியின் மேல் பரப்புவதற்காக, படத்தை நகர்த்தி ஒருபுறம் வெளியேறும் பகுதியை மறுபுறம் கொண்டுவரும் ஃபோட்டோஷாப்பின் ஆஃப்செட் ஃபில்டரைக் கொண்டு விளிம்புகளைப் பொருத்தினேன். இணைப்புக் கோடு எங்கும் தெரியவில்லை. ஆயினும் படத்தை வரிசையாக அடுக்கியதும் சதுரங்கப் பலகையைப் போலக் கட்டங்கள் தோன்றுகின்றன. நான் எங்கே தவறினேன்?

பதில்: இணைப்பில் நீங்கள் தவறவில்லை, குறை அதற்கு முன்பே, சுவரில் விழுந்த வெளிச்சத்தில் இருக்கிறது. 1024 பிக்சல் சதுரத்தைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் 512 பிக்சல் நகர்த்தும்போது வெளி விளிம்புகள் நடுவில் வந்து சிலுவையாகச் சந்திக்கின்றன. படத்தின் ஒரு பகுதியை நகலெடுத்து வேறிடத்தில் பூசும் குளோன் கருவியால் அந்தச் சிலுவையை அழிக்கிறோம். ஆனால் படத்தின் ஒரு மூலை மற்றொன்றைவிடச் சற்று வெளிச்சமாக இருந்திருந்தால், அந்த வேறுபாடு அழிவதில்லை. கூர்மையான கோடாக இருந்தது மென்மையான சரிவாக மாறுகிறது, அவ்வளவுதான். ஒற்றைப் படத்தில் கண்ணுக்குப் புலப்படாத அந்தச் சரிவு, அடுக்கும்போது ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் திரும்ப வருவதால் கட்டமாகிவிடுகிறது.

எனவே ஆஃப்செட்டைத் தொடுவதற்கு முன்பே வெளிச்சத்தைச் சமப்படுத்திவிட வேண்டும். லேயரை (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் படத் தளத்தை) நகலெடுத்து, கீழ் லேயருக்கு ஆவரேஜ் ஃபில்டரைக் கொடுத்தால் அது சுவரின் சராசரி நிறமாகிவிடும். நுண்ணிய விவரங்களை மட்டும் விட்டுவைக்கும் ஹை பாஸ் ஃபில்டரை மேல் லேயருக்குப் பெரிய ஆரத்தில் கொடுத்து, கலப்பு முறையை லீனியர் லைட் என்றும் ஒளிபுகாமையை 50 சதவீதம் என்றும் வைத்தால், சொரசொரப்பு நிலைத்திருக்க, வெளிச்சச் சரிவு மட்டும் நீங்கும். ஆரத்தை மிகவும் குறைத்தால் சுவரின் இயல்பான நிறத் திட்டுகளும் சேர்ந்து போய்விடும் என்பதால், எண்ணை மெல்ல மாற்றிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

கண்ணில் குத்தும் கறையோ வெடிப்போ இருந்தால், அழகாக இருக்கிறதே என்று விட்டுவைக்காமல் அதையும் எடுத்துவிடுங்கள். ஒரே கறை இருபது முறை வந்தால் எந்தக் கண்ணும் ஏமாறாது. கிம்ப் என்னும் இலவசப் பட மென்பொருளில் இணைப்பைத் தானாகவே மறைக்கும் ஃபில்டர் ஒன்று உண்டு. அது படத்தையும் நகர்த்திய நகலையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலப்பதால் வெளிறிய, இரட்டை உருவத் தோற்றத்தைத் தருகிறது. மணல், புல் போன்றவற்றைத் தவிர வேறெதற்கும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: சரிசெய்த படத்துக்கு ஷார்ப்பன் (கூர்மையாக்கும் ஃபில்டர்) கொடுத்ததும் விளிம்பில் மெல்லிய கோடு மீண்டும் வருகிறது. இது மென்பொருளின் பிழையா?

பதில்: பிழையன்று. ஷார்ப்பன், பிளர் போன்ற ஃபில்டர்கள் ஒவ்வொரு பிக்சலையும் அதன் அண்டைப் பிக்சல்களோடு சேர்த்தே கணக்கிடுகின்றன. விளிம்புக்கு அப்பால் அண்டை இல்லாததால், எதிர்ப்புற விளிம்பு அங்கே வந்து பொருந்தப்போகிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. 3072 பிக்சல் சதுரத்தில் படத்தின் ஒன்பது நகல்களை மூன்றுக்கு மூன்றாக அடுக்கி, ஒரே லேயராக்கி, ஃபில்டரைக் கொடுத்த பிறகு நடுவிலுள்ள 1024 பிக்சலை மட்டும் வெட்டி எடுங்கள். ஆஃப்செட்டுக்குப் பின் ஹை பாஸ் கொடுப்பவர்களுக்கும் இதுவே வழி. சேமிக்கும்போது பிஎன்ஜி வடிவமே நல்லது. ஜேபெக் படத்தை 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், எதிரெதிர் விளிம்புகள் தனித்தனியே சிறிது சிதைந்து, அழித்த கோடு மீண்டும் தலைகாட்டக்கூடும்.