நடிகராக மாறிய தடகள வீரர் ரேஃபர் ஜான்சன் உழைத்த 'சிறப்பு ஒலிம்பிக்ஸ்' என்பது என்ன?

அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கு ஆண்டு முழுவதும் பயிற்சியும் போட்டிகளும் அளிக்கும் விளையாட்டு இயக்கமே சிறப்பு ஒலிம்பிக்ஸ். பத்துத் தடகளப் போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் டெக்கத்லான் பிரிவின் வீரராக இருந்து திரைப்பட நடிகரான அமெரிக்கர் ரேஃபர் ஜான்சன், 1968 ஜூலையில் சிகாகோவில் நடந்த அதன் முதல் போட்டிகளுக்குத் துணைநின்று, மறு ஆண்டே கலிஃபோர்னியாக் கிளை தொடங்கவும் முன்னின்று, பல பத்தாண்டுகள் அதற்காக உழைத்தார்.

திறன் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடுவதால், இங்கு வயது, பாலினம், திறன் ஆகியவற்றைப் பார்த்து ஏறக்குறைய நிகரானவர்களையே ஒரே பந்தயத்தில் ஓடவிடுகிறார்கள். பள்ளி விளையாட்டு விழாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனோடு ஓடவிடாததைப் போன்றதுதான் இது.

ஜான்சனுக்கு இந்த நியாயம் எளிதில் விளங்கியிருக்கும் என்றே நான் கருதுகிறேன். 1960 ரோம் ஒலிம்பிக் டெக்கத்லானின் கடைசிப் போட்டியான 1500 மீட்டர் ஓட்டத்தில், உடன் பயிற்சி பெற்ற நண்பரான தைவானின் யாங் முந்தினார். விடாமல் பின்தொடர்ந்த ஜான்சன், மொத்தத்தில் 58 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றுத் தங்கம் வென்றார். ஓடி முடித்ததும் இருவரும் களைப்பில் ஒருவர்மீது ஒருவர் சாய்ந்து நின்றார்கள்.

பலர் சிறப்பு ஒலிம்பிக்ஸைப் பாராலிம்பிக்ஸ் என்றே எண்ணிவிடுகிறார்கள். அது தகுதித்தரம் எட்டிய மாற்றுத்திறனாளி வீரர்களின் உச்சநிலைப் போட்டி, இதுவோ அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு எத்திறன் நிலையிலும் இடமளிக்கும் தனி இயக்கம்.