ஐ.பி.யா, லேபரா? இரண்டுமே எடுக்கலாமா?

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்து, இப்போது மூன்றாண்டு சட்டப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறேன். அறிவுசார் சொத்துரிமை (ஐ.பி.) வழக்குகள், வேலை தொடர்பான (லேபர்) வழக்குகள் இரண்டிலும் ஆர்வம். "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்காதே" என்று கேலி செய்கிறார்கள். அப்பாவுக்கோ வருமானத்தைப் பற்றிக் கவலை. என்ன செய்யட்டும்?
– வாசகி, திருச்சி

பதில்: ஒரு டிசைன் என்ஜினியர் ராஜினாமா செய்துவிட்டுப் போட்டிக் கம்பெனியில் சேர்கிறார். கிளம்புவதற்கு முந்தின இரவு, வரைபடக் கோப்புகளைத் தன் சொந்த மெயிலுக்கு அனுப்பியிருக்கிறார். இது ஐ.பி. வழக்கா, லேபர் வழக்கா என்று உங்களைக் கேலி செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டும்தான்.

நம் நாட்டில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. வேலை ஒப்பந்தத்தையும் பதிப்புரிமையையும் வைத்துத்தான் கம்பெனி தடை உத்தரவு கேட்கும். எதிர்த் தரப்பு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிற 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவை நீட்டும். 'இரண்டு வருடம் போட்டிக் கம்பெனியில் சேர மாட்டேன்' என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும், வேலையை விட்ட பிறகு அது பெரும்பாலும் செல்லாது. ஆனால் பாண்டு விஷயம் வேறு. மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

அப்புறம் சாட்சியம். அந்த மெயிலின் பிரிண்ட் அவுட்டை மட்டும் கொண்டுபோனால் போதாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணோடு சான்றிதழ் வேண்டும். கல்லூரியில் இதையெல்லாம் செய்து பார்க்க வாய்ப்பு குறைவு. அதனால் வெறும் டிரேட்மார்க் பதிவு மட்டும் செய்யும் அலுவலகத்தில் சேராதீர்கள். குறுக்கு விசாரணை நடத்தும் சீனியராகத் தேடுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஐ.பி.க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, பேடன்ட் (காப்புரிமை) அலுவலகமும் கிண்டியில்தான். ஆகவே திருச்சியை விட்டுக் கிளம்பத்தான் வேண்டும்.

லேபர் பக்கம் முதலில் பார்க்க வேண்டியது, கட்சிக்காரர் சட்டப்படி 'தொழிலாளி'யா என்பது. நிர்வாகப் பதவியில் இருந்த மேனேஜர் லேபர் கோர்ட் படியேற முடியாது, பெரும்பாலும் சிவில் கோர்ட்தான். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலில் இருப்பதால், பழைய சீனியர்களும் உங்களோடு சேர்ந்து புதிதாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சேர இது நல்ல நேரம்.

அப்பாவின் கவலை நியாயமானது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எல்லா அலுவலகமும் தந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். கூச்சப்படாமல் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, பேடன்ட் ஏஜென்ட் தேர்வு எழுத உங்கள் பி.இ. பட்டமே போதும், சட்டப் பட்டம் தேவையில்லை. தேறிவிட்டால் பேடன்ட் விண்ணப்பம் எழுதித் தரும் வேலையில் கைச்செலவுக்காவது பணம் வரும். அறிவிப்பு வந்ததும் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.