லிவர் இருக்கிறது, ஷாஃப்ட் இருக்கிறதா? பழைய டீசல் ஜீப் பற்றிய கேள்விகள்

மழை பிடித்ததிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல், நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய 4 வீல் டீசல் வண்டி பற்றித்தான். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

பென்னாகரம் பக்கத்து விவசாயி: ஐயா, எங்கள் நிலம் தார் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, நடுவில் ஒரு ஓடை. ஐப்பசி, கார்த்திகையில் டிராக்டர் மட்டும்தான் போகும். மஹிந்திரா டீசல் ஜீப், 2008 பதிவு, 4 வீல், 3 லட்சத்து 40 ஆயிரம் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு இந்த வண்டி உண்மையிலேயே தேவை. இப்படிக் கேட்பவர்களில் பத்தில் எட்டுப் பேருக்குத் தேவையே இருக்காது. வண்டியைப் பார்க்காமல் விலை சரியா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் ஆர்.சி.யை வைத்துச் சிலது சொல்ல முடியும். 2008 பதிவு என்றால் பதிவின் 15 வருடக் கெடு 2023-லேயே முடிந்துவிட்டது. புதுப்பித்திருந்தால் 2028 வரை ஓடும், புதுப்பிக்கவில்லை என்றால் அது ரோட்டில் வரக் கூடாத வண்டி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய வண்டிக்கு அதை 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள், உங்களுக்கு 2028-இல் அந்தச் செலவு காத்திருக்கிறது. பசுமை வரி தனி. 1500 சிசிக்கு மேல் இருப்பதால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே 2022-இல் வைத்த கணக்குப்படி வருடம் 7,897 ரூபாய், அதன் மேல் வரி. இதையெல்லாம் சேர்த்துத்தான் அந்த மூன்று நாற்பதைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் வண்டி. ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்கே போய் நில்லுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். பழைய டீசல் இன்ஜின் உண்மையைச் சொல்வது காலைக் குளிரில் எடுக்கும் முதல் ஸ்டார்ட்டில்தான். முதல் சில நொடி கொஞ்சம் வெள்ளைப் புகை வந்தால் பரவாயில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது, இன்ஜின் வேலை இருக்கிறது. ஏற்றத்தில் கரும்புகை தள்ளினால் ஏர் ஃபில்டராகவும் இருக்கலாம், பம்ப், நாசில் வேலையாகவும் இருக்கலாம். இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் தளர்த்திப் பாருங்கள். உள்ளிருந்து குபுகுபு என்று காற்று தள்ளி மூடி துள்ளினால் ரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

இதற்கு மேல் சொல்லப்போவதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், நான் பணம் கொடுத்துக் கற்றது இது. 2011-இல் இதே போல ஒரு ஜீப் வாங்கினேன். 4 வீல் லிவர் கச்சிதமாக விழுந்தது, டக் என்று சத்தம் கூடக் கேட்டது. முதல் மழையில் அஞ்செட்டி பக்கம் ஒரு மண் பாதையில் பின் சக்கரம் இரண்டும் சுழன்றுகொண்டே நிற்க, முன் சக்கரம் அசையவில்லை. இறங்கி, சேற்றில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் விசையை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து, முன் அச்சில் இருக்கும் கிரவுனுக்குப் போகும் ஷாஃப்டே இல்லை! அது இருக்க வேண்டிய இடத்தில் நான்கு போல்ட் ஓட்டைகள், அதில் காய்ந்த கிரீஸ், அதன் மேல் பழைய தூசி. மைலேஜ் கொஞ்சம் கூடும் என்று யாரோ எப்போதோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள். விற்றவருக்குத் தெரியும். நான் குனியவில்லை, அவ்வளவுதான். ஷாஃப்ட், ஜாயின்ட், முன் கிரவுன் வேலை என்று அந்த வருடம் முழுக்க ஒர்க்‌ஷாப்பில் நின்றேன்.

ஆகவே ஒரு சாக்கை விரித்துக் கீழே படுங்கள். இரண்டு ஷாஃப்டும் இருக்கிறதா பாருங்கள். சேசிஸில் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடங்களில் துரு, புது வெல்டிங், பட்டி பூசிய மினுமினுப்பு இருக்கிறதா என்று ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு உழுத நிலத்தில் இறக்கி 4 வீல் லோவில் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர்) போட்டு மெதுவாக நகர்த்தச் சொல்லி, நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நின்று முன் சக்கரம் மண்ணைப் பறிக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். முன் சக்கரத்தின் நடுவில் சக்கரத்தை அச்சோடு பூட்ட, கையால் திருகும் ஹப் லாக் இருந்தால் அதைப் போட்ட பிறகு பாருங்கள். நாலு டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 4 வீல் போடும்போதெல்லாம் கியர் தேயும். இவ்வளவும் சரி என்றால் எடுங்கள், உங்கள் ஓடைக்கு இதைவிட நல்ல வண்டி இந்த விலையில் கிடைக்காது.

தர்மபுரி வாசகர்: பழைய 4 வீல் டீசல் ஜீப் மைலேஜ் என்ன கொடுக்கும்?

பத்து, பன்னிரண்டு. டீசல் கணக்குப் பார்த்து மனம் வலிக்கும் என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள்.

ஓசூர் இளைஞர்: சார், டெல்லி பதிவு, 4 வீல் டீசல் எஸ்.யூ.வி., 11 வருடம் ஆனது, பாதி விலைக்குக் கிடைக்கிறது. முன்பணம் அனுப்பிவிடவா?

தம்பி, பாதி விலை ஏன் என்று கேட்டீர்களா? டெல்லியிலும் அதைச் சுற்றிய பகுதியிலும் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிக்குத் தடை என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால்தான் அங்கே விலை விழுந்தது. அந்தத் தடை நம் ஊரில் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் டெல்லி ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி., கையில் வராமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். என்.ஓ.சி. வந்தாலும் இங்கே ஆயுள் வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். ஓசூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த மாடலுக்கு வரி எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். வரி, லாரியில் ஏற்றி வரும் கூலி, போய் வரும் செலவு எல்லாம் கூட்டினால் அந்தப் பாதி விலை முக்கால் ஆகிவிடும்.

காவேரிப்பட்டணம் வாசகர்: 4 வீல் போட்டே கிருஷ்ணகிரி–பெங்களூர் ரோட்டில் ஓட்டினால் பிடிப்பு நன்றாக இருக்கும் என்கிறார் மெக்கானிக். சரியா?

தவறு. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஓடும் தூரம் வேறு வேறு. மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும், காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, அந்த முறுக்கு முழுக்க கியரில் இறங்கும். மெக்கானிக்கை மாற்றுங்கள்.

கிருஷ்ணகிரி கல்லூரி மாணவர்: அண்ணா, பானெட்டை இறக்கி, பெரிய டயர் போட்டு, முன்னால் கம்பி வைத்து சூப்பராக ஆல்டர் செய்த ஜீப். 5 லட்சம். அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

அப்பா சொல்வதுதான் சரி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. முன்னால் வைக்கும் கம்பிக்கு 2017 டிசம்பரிலேயே தடை வந்துவிட்டது. அடுத்த புதுப்பித்தலுக்குக் கொண்டுபோனால் எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி ஆக்கிக்கொண்டு வா என்பார்கள். அந்த ஐந்து லட்சத்தில் பாதி அந்தக் கம்பிக்கும் டயருக்கும்தான் போகிறது. ஆர்.சி.யைப் பார்த்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் தேடினேன், ஒரு வரிகூட இல்லை. அதைப் பார்க்காமல் இனி எனக்கு எழுத வேண்டாம்.

அரூர் வாசகி: என் மகன் பால் கேன் ஏற்றிப் பிழைக்கட்டும் என்று நகையை வைத்து, சேலத்தில் ஒரு பழைய வண்டிக் கடையில் 2 லட்சத்து 85 ஆயிரத்துக்கு ஜீப் வாங்கினோம். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போனால் ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் நம்பர் வேறு, வண்டியில் இருப்பது வேறு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைக்காரர் "பார்த்துத்தானே எடுத்தீங்க" என்கிறார். எட்டு மாதம் ஆகிறது.

அம்மா, இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. இன்ஜின் நம்பர் பிளாக்கில் கிரீஸுக்கும் தூசிக்கும் அடியில் இருக்கும், அதைத் துடைத்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டியது விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் அந்தக் கடைக்காரர்தான். "பார்த்துத்தானே எடுத்தீங்க" என்று அவர் சொன்னதைப் படித்து எனக்குக் கோபம் வந்தது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வண்டியை இனி ரோட்டில் எடுக்க வேண்டாம், விபத்து ஆனால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். நம்பரை மாற்றி அடித்துத் தருகிறேன் என்று யார் வந்தாலும் விரட்டிவிடுங்கள், அது குற்றம், மாட்டுவது உங்கள் மகன். இரண்டு நம்பரையும் தெளிவாகப் படம் எடுத்து, பணம் கொடுத்த ரசீது, வங்கிக் கணக்கு விவரம், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் திருப்பிய தாள் எல்லாவற்றையும் நகல் எடுங்கள். அந்த இன்ஜின் எங்கிருந்து வந்ததோ தெரியாது, அதனால் காவல் நிலையத்திலும் எழுத்தில் ஒரு புகார் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். பணத்தைத் திருப்பிக் கொடு என்று கடைக்காரருக்கு ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதினைந்து நாளில் பதில் இல்லை என்றால் நுகர்வோர் ஆணையம். கடை சேலத்தில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் தர்மபுரி மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வக்கீல் கட்டாயமில்லை. வேண்டும் என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். பால் தொழிலுக்கு வாங்கியது வியாபாரம், நீ நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கியதற்குச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது, மனுவில் அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். மனு தயாரானதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

பாலக்கோடு வாசகர்: ராணுவ அதிகாரி, மாற்றலாகிப் போகிறார், ஜீப்பை 1 லட்சத்துக்குத் தருகிறார் என்று போனில் வந்த விளம்பரம். அடையாள அட்டை எல்லாம் அனுப்பினார். நேற்று 18,000 கட்டினேன், இப்போது போன் எடுக்கவில்லை.

இதைப் படிப்பதற்குள் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லை என்றால் இந்த நிமிடமே அடியுங்கள், பணம் வங்கி வங்கியாக நகர்வதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும். ராணுவ உடைக்கு நாம் கொடுக்கும் மரியாதையை வைத்துத்தான் இந்தக் கூட்டம் பிழைக்கிறது, நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பர்கூர் வாசகர்: என் ஜீப்பை இரண்டு வருடம் முன்பு ஓப்பனில் விற்றேன். வாங்கியவர் பேர் மாற்றவில்லை. இப்போது விபத்து, நஷ்ட ஈட்டு வழக்கில் என் பேரில் நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் எதற்குப் பொறுப்பு?

நீங்கள்தான் பொறுப்பு, வருத்தமாக இருந்தாலும் அதுதான் சட்டம். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். அந்த வழக்கில் வண்டி கை மாறிக் கை மாறி எங்கோ போய்விட்டது, ஆனாலும் ஆர்.சி.யில் யார் பேரோ அவர்தான் உரிமையாளர் என்று முடித்துவிட்டார்கள். உடனே ஒரு வக்கீலைப் பார்த்து, விற்ற ஒப்பந்தம், பணம் வந்த கணக்கு எல்லாம் கொடுங்கள். வாங்கியவரிடமிருந்து வசூலிக்க அவை உதவும்.

இந்த ஓப்பன் பழக்கத்தைப் பற்றிப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பேர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரங்களில் வெறும் கையெழுத்தை மட்டும் போட்டு, வாங்குபவர் பேரும் தேதியும் எழுதாமல் ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். புரோக்கருக்கு வசதி, அடுத்தவருக்கு விற்கும்போது பேர் மாற்றும் செலவு மிச்சம். அந்த மிச்சத்துக்காக விற்றவர் தலையில் விபத்து விழுகிறது, வாங்கியவர் கையில் பேரில்லாத வண்டி நிற்கிறது. நானும் ஒரு முறை ஓப்பனில் வாங்கினேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று மூன்று வருடம் விட்டுவிட்டேன், அதற்குள் ஆர்.சி.யில் இருந்தவர் இறந்துவிட்டார். வாரிசுகள் நான்கு பேர் நான்கு ஊரில். அவர்கள் முதலில் 31-ஆம் ஃபாரத்தில் தங்கள் பேருக்கு மாற்றி, பிறகு எனக்கு மாற்ற வேண்டும். ஒருவர் கையெழுத்துப் போட்டால் இன்னொருவர் பணம் கேட்பார். ஒன்றரை வருடம் அலைந்து, கடைசியில் அந்த வண்டி எனக்கு உதவாமலே போனது. விற்பவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. வண்டியைப் பழைய வண்டிக் கடையில் விட்டால் 2023 ஏப்ரலிலிருந்து அதற்கென்றே 29சி என்று ஒரு ஃபாரம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கடையாக இருந்தால் அதைப் போட்ட பிறகு வண்டிக்குக் கடைக்காரர்தான் பொறுப்பு. பேர் மாறி, ஆன்லைனில் புதுப் பேர் தெரியும் வரை கடைசிப் பத்தாயிரத்தைப் பிடித்து வையுங்கள் என்று வாங்குபவருக்குச் சொல்வேன். விற்பவருக்குச் சொல்வது, நீங்களே கூடப் போய் ஃபாரத்தைக் கொடுங்கள், புரோக்கரிடம் விடாதீர்கள்.

நல்லம்பள்ளி வாசகர்: 1998 ஜீப் பார்த்தேன். ஓட்டிக் காட்டியவர் தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் போட்டு இன்ஜினையும் ஆஃப் செய்து, "டீசல் மிச்சம், பிரேக் எப்படி நிற்குது பாருங்க" என்றார். இரண்டு மூன்று முறை நின்றது. வண்டி நல்ல வண்டியா?

அந்த இரண்டு மூன்று முறைதான் நின்றிருக்கும். டீசல் வண்டியில் பிரேக்கை எளிதாக மிதிக்க உதவும் வாக்வம் (காற்று உறிஞ்சல்), இன்ஜின் சுற்றும்போது பம்ப் இழுத்துக் கொடுப்பது. இன்ஜின் நின்றால் மிச்சம் இருக்கும் வாக்வத்தில் சில மிதி, அதற்கப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும், கியரும் இல்லாததால் இன்ஜின் பிடிப்பும் கிடையாது. தொப்பூர் கணவாயில் எத்தனை விபத்து பார்த்திருக்கிறோம். வண்டியை உங்கள் மெக்கானிக்கிடம் காட்டி, நாலு டிரம்மையும் கழற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அவர் ஓட்டும் வண்டியில் மறுபடி ஏறாதீர்கள்.