சூடானால் செல்ஃப் எடுக்காத பழைய கார்

கேள்வி: என்னிடம் 1998-ஆம் ஆண்டில் வாங்கிய, கார்பரேட்டர் வைத்த மாருதி 800 இருக்கிறது. காலையில் சாவியைத் திருப்பியதும் தயங்காமல் ஸ்டார்ட் ஆகிறது. கடைத்தெருவுக்குப் போய் வண்டியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தால், சில நாள் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது. செல்ஃப் மோட்டார் சுற்றுவதில்லை. தள்ளினால் ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரம் காத்திருந்தால் தானாகவே சரியாகிவிடுகிறது. புது பேட்டரி போட்டாயிற்று. செல்ஃப் மோட்டாரையும் கழற்றி சர்வீஸ் செய்தாயிற்று. பட்டறைக்குக் கொண்டுபோனால் மட்டும் கோளாறு வருவதே இல்லை. வண்டியை விற்றுவிடும்படி வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: விற்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. தள்ளினால் ஸ்டார்ட் ஆகிறது என்பதால் பெட்ரோலும் ஸ்பார்க்கும் ஒழுங்காக வருகின்றன. பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டார் வரையிலும், அங்கிருந்து எர்த் (எஞ்சின், பாடி ஆகியவற்றின் உலோகமும் அவற்றைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையுடன் இணைக்கும் ஒயரும்) வழியாகத் திரும்பவும் உள்ள மின்பாதையில்தான் கோளாறு இருக்கிறது. வண்டி சூடாக இருக்கும்போது மட்டும் அது தலைகாட்டுவதற்கும் காரணம் உண்டு. எஞ்சினை நிறுத்தியதும் ரேடியேட்டர் தண்ணீரின் சுழற்சியும் காற்றோட்டமும் நின்றுவிடுவதால், முதல் சில நிமிடங்களில் பானட்டுக்குள் சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். எனவே, செல்ஃப் மோட்டாரின் மேலிருக்கும் சொலினாய்டு (சாவியைத் திருப்பியதும் காந்த விசையால் மோட்டாருக்கு மின் இணைப்புக் கொடுக்கும் சுவிட்ச்) 50 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், அதன் சுருளின் தடை ஐந்தில் ஒரு பங்கு கூடி, அதனால் காந்த இழுவிசை தளர்ந்துவிடுகிறது. வழியில் எங்கோ ஏற்கெனவே இரண்டு வோல்ட் வீணாகிக்கொண்டிருந்தால், காலையில் எப்படியோ சமாளித்த சொலினாய்டு மதியத்தில் சமாளிக்காது.

அந்த இரண்டு வோல்ட் எங்கே வீணாகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பது சோதனை ஆகாது. உங்கள் பணம் அப்படித்தான் செலவாகியிருக்கிறது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். மல்டிமீட்டரை 'பீப்' சத்தத்தில் வைத்து ஒயரைத் தொட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்வதையும் ஏற்காதீர்கள். இருபது இழை அறுந்து ஓர் இழை மட்டும் மிஞ்சிய ஒயரும் அந்தச் சோதனையில் தேறிவிடும். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கும்போது, 0.02 ஓம் அளவுள்ள ஒரு மோசமான இணைப்பே இரண்டு வோல்ட்டை விழுங்கிவிடும். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மீட்டரால் நம்பும்படி அளக்க முடியாது. ஆகவே மின்சாரம் ஓடும்போது, அதுவும் கோளாறு காட்டும் அதே நேரத்தில், வோல்ட்டைத்தான் அளக்க வேண்டும். இருபது வோல்ட் டிசி அளவில் வைத்த ஒரு சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். அதை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அளப்பதற்கு முன் கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். உதவிக்கு ஒருவர் சாவியைத் திருப்பட்டும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். எஞ்சின் திடீரென்று ஓடத் தொடங்கலாம் என்பதால் மீட்டர் ஒயர்களும் உங்கள் கையும் பெல்ட், ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். சும்மா இருக்கும்போது 12.4 முதல் 12.6 வோல்ட் வரை காட்டி, செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போகாமல் இருந்தால் பேட்டரியைப் பற்றிய பேச்சை அத்துடன் விட்டுவிடலாம்.

அடுத்தது எர்த். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் (கிளாம்ப்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே), மறு முனையை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரிலோ அதன் போல்ட்டிலோ குறை இருக்கிறது. இதைப் பலர் கவனிக்காமல் விடுவதற்குக் காரணம், ஹெட்லைட்டுகள் பாடியில் எர்த் ஆகியிருப்பதால், எஞ்சின் எர்த் கெட்டிருந்தாலும் அவை பளிச்சென்று எரியும். என் பழைய வண்டியில் பெயின்ட் வேலைக்குப் பிறகு இந்தக் கோளாறு வந்தது. எர்த் ஒயரை மாட்டும் இடத்தைச் சுரண்டாமல் பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தார்கள். திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து, அது தொட முடியாத அளவுக்குச் சுட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

எர்த் சரியாக இருந்தால், பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் சொலினாய்டில் தடித்த ஒயர் வரும் போல்ட்டுக்கும் இடையே அளக்கவும். செல்ஃப் சுற்றும்போது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

உங்கள் வண்டியில் நான் அதிகம் சந்தேகப்படுவது மூன்றாவது இடத்தை. பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் சொலினாய்டின் மெல்லிய ஒயர் முனைக்கும் இடையே, சாவியை ஸ்டார்ட் நிலையில் பிடித்திருக்கும்போது எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். ஒரு வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. இரண்டோ மூன்றோ காட்டினால், இக்னிஷன் சுவிட்சின் உள் முனைகள் தேய்ந்து கருகியிருக்கின்றன, அல்லது வழியில் உள்ள ஒயர் இணைப்பில் பச்சை பூத்திருக்கிறது. அப்படியானால் இணைப்பைச் சுத்தம் செய்து, சுவிட்சை மாற்றுங்கள். அல்லது ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ஃபியூஸுடன் ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பொருத்தச் சொல்லுங்கள். ரிலே வந்துவிட்டால் சொலினாய்டுக்கான மின்சாரம் சுவிட்ச் வழியாகப் போகாமல் பேட்டரியிலிருந்து நேராகக் கிடைக்கும்.

இந்த மூன்று இடங்களிலும் அளவு சரியாக இருந்தும் 'டிக்' மட்டும் வந்தால்தான் சொலினாய்டின் செம்புத் தொடுமுனைகளையும் மோட்டாரின் கார்பன் பிரஷ்களையும் திறந்து பார்க்க வேண்டும். சர்வீஸ் செய்த மோட்டார் என்பதற்காக இவற்றை விட்டுவிடாதீர்கள்; பல இடங்களில் துடைத்து கிரீஸ் வைப்பதையே சர்வீஸ் என்கிறார்கள். ஆனால் ஸ்குரூ டிரைவரால் சொலினாய்டு முனைகளைக் குறுக்கே இணைத்துப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள்: பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் பொறி பறக்கும், கியரில் இருந்தால் வண்டி ஆள் மேல் ஏறிவிடும்.

பட்டறையில் கோளாறு காட்டாததற்கு, வண்டி அங்கே ஆறிவிடுவதே காரணமாக இருக்கலாம். இருபது நிமிடம் ஓட்டி, நேராகப் பட்டறை வாசலில் நிறுத்தி, பத்து நிமிடம் பானட்டைத் திறக்காமல் விட்டு, அதன் பிறகு மீட்டரை வைக்கச் சொல்லுங்கள். மூன்று அளவுகளையும் எழுதி அனுப்பினால், அடுத்த இதழில் மேற்கொண்டு சொல்கிறேன்.