கார் கேள்வி–பதில்: இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வி-டெக்

கேள்வி: ஐயா, 2002ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி 1.5 வி-டெக் ஒன்று மதுரையில் விலைக்கு வருகிறது. டி.என். 59 பதிவு, 2,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது, 1,80,000 ரூபாய் சொல்கிறார்கள். கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு அந்த வண்டியின் மீது ஆசை. ஓட்டம் அதிகம் என்று வீட்டில் தயங்குகிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: வாங்கலாம். ஓடிய தூரத்தை எண்ணித் தயங்க வேண்டாம். வாங்கிய பிறகு கையில் எவ்வளவு மிஞ்சும் என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். வயதோடு வகுத்தால் இந்த வண்டி ஆண்டுக்கு 9,000 கி.மீ. சுற்றுதான் ஓடியிருக்கிறது. இதே மாடல் 70,000 கி.மீ. மட்டும் ஓடி, பத்தாண்டுகள் ஷெட்டில் நின்றிருந்தால், ஆயில் சீல்கள் காய்ந்து, பெட்ரோல் டேங்கின் உட்புறம் துருவேறியிருக்கக்கூடும் என்பதால், அதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். கேட்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுப் பராமரிப்புக்கென்று தனியே எடுத்து வைக்க முடிந்தால் மட்டும் முன்பணம் கொடுங்கள்.

106 குதிரைத்திறன் கொண்ட இந்த எஞ்சினின் அழகே, சுழற்சி ஏறும்போது எண்ணெய் அழுத்தம் ஒரு சிறு ஊசியைத் தள்ளி, வால்வுகளை அழுத்தும் ராக்கர் கைகளைப் பிணைக்க, கேம் தண்டின் உயரமான முகடு வால்வுகளை இன்னும் அகலத் திறப்பதில்தான் இருக்கிறது. எனவே எண்ணெய் குறைந்தாலோ கசடு படிந்தாலோ முதலில் போவது வி-டெக் எனப்படும் இந்தச் செயல்தான். வண்டியை நன்றாகச் சூடாக்கிய பின், ரிங் ரோட்டில் போக்குவரத்து இல்லாத நேரத்தில், இரண்டாவது கியரில் நிமிடத்துக்கு 5,000 சுழற்சியைத் தாண்டும்வரை விட்டுப் பாருங்கள். சத்தம் கனத்து, வண்டி தெளிவாக முன்னே இழுக்க வேண்டும். அப்போது பின்னால் நீலப் புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு மூச்சு நீலமாக வந்து நின்றுவிட்டால் அது பெரும்பாலும் வால்வு சீல் தேய்மானம். முன்னதற்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்பதால், சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று காட்டும் கம்ப்ரெஷன் சோதனையைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

அடுத்து, பிஸ்டன்களையும் வால்வுகளையும் ஒத்திசைந்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட். அது ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி, எஞ்சின் வேலை முழுவதுமாகத் தலையில் விழும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால், உரிமையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மாற்றவில்லை என்றே கொண்டு முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள். வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவதும் அதே பெல்ட்தான் என்பதால் இரண்டையும் சேர்த்துச் செய்தால் கூலி ஒருமுறையோடு போகும்.

நம் ஊர் வெயிலுக்கென்றே ஒரு சோதனையைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத மதியம் அழகர்கோவில் சாலையில் தேநீர் குடிக்க நிறுத்திய என் சிட்டி, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகவில்லை. எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. அரை மணி நேரம் ஆறிய பின் எதுவுமே நடக்காததுபோல் ஓடியது. ஒரு பட்டறையில் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள், இன்னொன்றில் பிளக் ஒயர்களை மாற்றினார்கள், பணம்தான் போனது. கடைசியில் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்த, பெட்ரோல் பம்ப்புக்கு மின்சாரம் விடும் மெயின் ரிலேயைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, ஒரு பின்னைச் சுற்றி ஈயப்பற்றில் மயிரிழை போன்ற கறுப்பு வளையம் தெரிந்தது. சூட்டில் விரிந்து தொடர்பை அறுத்துக்கொண்டிருந்தது அந்த விரிசல். மீண்டும் பற்ற வைக்க ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. அக்கால ஹோண்டா கார்களில் பரவலாக அறியப்பட்ட குறை இது. ஆகவே உச்சி வெயிலில் ஓட்டி நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்புங்கள். பின் இருக்கைக்கு அடியிலிருந்து பம்ப்பின் ரீங்காரம் இரண்டு விநாடி கேட்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறிய பிறகே திறந்து பாருங்கள். உள்ளே வெள்ளைப் படிவம் இருந்தால் யாரோ போர்வெல் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். கார்பெட்டைத் தூக்கி, சீட் தண்டவாளங்களில் வண்டலும் துருவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2015 சென்னை வெள்ளத்திலும், 2024 அக்டோபரில் மதுரை செல்லூர்ப் பகுதியில் புகுந்த மழைநீரிலும் நின்ற வண்டிகள் இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கலாம்.

ஆர்.சி.யைப் பொறுத்தவரை, 2017இலும் 2022இலும் புதுப்பித்திருக்க வேண்டும்; அடுத்தது 2027. இருபது ஆண்டுகளைக் கடந்த கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்திருப்பதால், அதையும் விலை பேசும்போது கணக்கில் கொள்ளுங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்ட வண்டி அல்ல இது. எனவே வண்டியை வாங்கியவுடன் பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய்களை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 1,60,000 கி.மீ. ஓடியது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ‘உஸ்’ என்ற சத்தம் வருகிறது, பிக்கப் இல்லை. டர்போவையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், மேலூர்

பதில்: அவசரப்பட வேண்டாம். காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் ரப்பர் குழாய்கள் இத்தனை ஆண்டில் வெடித்திருப்பதும், கிளிப்புகள் தளர்ந்திருப்பதும் மிக இயல்பு. நீங்கள் சொல்லும் சத்தம் பெரும்பாலும் அங்கிருந்து காற்று கசியும் சத்தம்தான். அந்தக் குழாய்களைக் காற்றழுத்தம் கொடுத்துச் சோப்பு நீர் தடவிச் சோதிக்கச் சொல்லுங்கள். குமிழி வரும் இடம் காட்டிக் கொடுத்துவிடும். ஆக்சிலரேட்டரை விடும்போது மிகைக் காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் சவ்வையும் பார்க்கச் சொல்லுங்கள். இவை இரண்டும் சரியாக இருந்து, டர்போ தண்டில் ஆட்டமும் இருந்தால் மட்டுமே மாற்றும் பேச்சுக்கு இடம் உண்டு. நெடுஞ்சாலையில் விரட்டி வந்த வண்டியை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். இல்லாவிட்டால் டர்போவுக்குள் தங்கிய எண்ணெய் கருகிப் படியும்.

கேள்வி: பழைய வண்டியைக் காப்பதற்காக மாதத்துக்கு ஒருமுறைதான் எடுக்கிறேன். சரியா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: சரியல்ல. வாரத்துக்கு ஒருமுறை 20 கி.மீ.யாவது, எஞ்சின் முழுச் சூடேறும்படி ஓட்டுங்கள். ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பது ஈரத்தைச் சைலன்ஸருக்குள் தேக்கிவிடும். வயல் ஓரத்து வீடென்றால் பானட்டைத் திறந்து ஒயர்களை எலி கடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும்; 1418 என்றிருந்தால் அது 2018இன் 14ஆவது வாரத்தில் செய்தது, பள்ளம் தேயாமலே இருந்தாலும் அதை நம்பி நான்குவழிச் சாலையில் ஏறாதீர்கள்.