கைக்குழந்தையோடு மலைப்பாதை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் மகளுக்கு 9 மாதம், எட்டரை கிலோ. டிசம்பரில் கொடைக்கானல் போகிறோம். வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் என்ற பாறை முனை வரை அவளோடு நடக்கலாமா? குழந்தையை உடம்போடு கட்டிச் சுமக்கும் துணி கேரியர் போதுமா, உலோகச் சட்டம் வைத்தது வாங்கவா? – வாசகி, மதுரை

பதில்: பிடிமானம் இல்லாமல் உட்காருகிறாள் என்றால் போகலாம். சட்டக் கேரியர் வேண்டாம். காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். குழந்தையும் உயரத்தில் உட்காருவதால் பாரம் ஆட்டம் காட்டும், தாழ்ந்த கிளை அவள் முகத்தில் அடிக்கும். அந்தப் பாதை மர வேரும் ஈரக்கல்லுமாகச் செங்குத்தாக இறங்குவது. மார்பில் கட்டினால் கால் வைக்கும் இடம் தெரியாது. ஆகவே துணி கேரியரை முதுகில் கட்டுங்கள்.

இடுப்பு வாரை இடுப்பெலும்பின் மேல் முதலில் இறுக்கி, பிறகு தோள் வார். ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு மடிப்பு வரை துணி தாங்க வேண்டும். முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கட்டும். கால் நேராகத் தொங்கினால் தொடை அழுந்தி மரத்துப்போகும். தூங்கிவிட்டால் தாடை மார்பில் கவியும், மூச்சு தடைபடும். தாடைக்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பின்னால் வருபவர் பார்த்துக்கொண்டே வரவேண்டும். தனியாகப் போகாதீர்கள்.

பலரும் கோட்டை விடுவது குளிரில்தான். சுமப்பவருக்கு வியர்த்துக் கொட்டும், அசையாமல் இருக்கும் குழந்தையோ விறைத்துக்கொண்டிருக்கும். உங்கள் உடம்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். குழந்தையின் கை கால் சில்லென்றுதான் இருக்கும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். பிடரி குளிர்ந்தால் இன்னொரு சட்டை, ஈரமாக இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். கேரியரில் கால்சட்டை மேலேறிவிடும்; முழங்கால் வரை காலுறை போடுங்கள். 40 நிமிடத்துக்கு ஒருமுறை இறக்கி, கால் நீட்டவிட்டு, பால் கொடுத்து, டயப்பர் பாருங்கள்.

திரும்பி வருவது முழுக்க ஏற்றம், போன நேரத்தைப் போல ஒன்றரை மடங்காவது ஆகும். காலையிலேயே கிளம்புங்கள், மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கும். பாறை நுனிக்குக் குழந்தையோடு போகவே கூடாது.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். மலைச்சாலையில் காது அடைத்து அழுவாள். இடையிடையே வண்டியை நிறுத்திப் பால் கொடுங்கள், விழுங்கும்போது அடைப்பு விடும். சளியோ காதுவலியோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பையன் எவ்வளவு தூரம் நடப்பான்? – வாசகர், திருச்சி

பதில்: கிலோமீட்டர் கணக்கு அவனிடம் செல்லாது. பெரியவர்களின் ஒரு மணி நேரப் பாதைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், அவன் உற்சாகமாக இருக்கும்போதே திரும்புங்கள். முதல் முறைக்குக் கொடைக்கானலில் தளம் போட்ட கோக்கர்ஸ் வாக் நடைபாதை போதும். இறக்கத்தில் நீங்கள் அவனுக்குக் கீழ்ப்பக்கம் நடங்கள். சறுக்கினால் ஒற்றைக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். இந்த வயதில் முழங்கை எலும்பு எளிதில் நழுவும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குங்கள்.

கேள்வி: குழந்தையை அட்டை கடித்தால்? – வாசகி, கூடலூர்

பதில்: தீக்குச்சியால் சுடவோ உப்புப் போடவோ வேண்டாம், அட்டை கக்கினால் புண் சீழ் பிடிக்கலாம். மெலிந்த முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தினால் பிடி விடும், அடுத்து மறுமுனை. சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். அட்டையின் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, கசிவு நிற்க நேரமாகும். டயப்பர் ஓரத்தையும் காலுறைக்குள்ளும் தேடிப் பாருங்கள்.